சுவரில் இல்லாத பெயர்

டெல்லியில் உள்ள தேசியப் போர் நினைவிடத்துக்கு அன்று எங்கள் வீட்டிலிருந்து வந்திருந்தது அத்தையும் நானும் மட்டும். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவன் குவைத்தில் வேலை பார்க்கும் மச்சான், அத்தையின் ஒரே மகன். இன்னொருவர் மாமா. மச்சானுக்கு இரண்டு வயது நிறையும் முன்பே, பட்டாளத்தில் எல்லையோர முகாம் ஒன்றில் காய்ச்சல் கண்டு இறந்துபோனவர். நாட்டுக்காக உயிர்விட்ட வீரர்களின் பெயர்களை அங்கே கல்லில் பொறித்திருப்பதைக் கைபேசியில் பார்த்த மச்சான், "அப்பா மொகமே எனக்கு ஞாபகம் இல்லடா. அந்தப் பேரையாச்சும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, எம் மவனுக்குக் காட்டணும்" என்று சொல்லி, செலவுக்குப் பணமும் அனுப்பியிருந்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து டெல்லி வரை, ரயில் டிக்கெட்டிலிருந்து கழிப்பறைக் கதவு வரை, எழுத்து இருக்கிற இடமெல்லாம் அத்தைக்கு நான்தான் கண். நினைவிடத்தின் பலகைகளையும் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஒன்றைச் சுற்றி ஒன்றாக நான்கு வட்டங்கள். நடுவில் அணையாத சுடர். வீரனின் ஆன்மா அழிவதில்லை என்பதற்காக. அதைச் சுற்றி வீரத்துக்கு ஒரு வட்டம். அடுத்தது தியாகத்தின் வட்டம். பழங்காலப் போரின் சக்கர வியூகம்போல வளைந்து போகும் சுவர்கள், ஒவ்வொரு கல்லிலும் ஒருவர் பெயர். "செக்குமாடு மாதிரில்ல சுத்தி வரணும் போலருக்கு மருமகனே" என்று சிரித்துக்கொண்டு வந்த அத்தை, பெயர்கள் தொடங்கிய இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தரை கொதித்தது.

எந்தப் பெயர் எந்தச் சுவரில் என்று தேடிச் சொல்லும் கணினித் திரை ஒன்று இருந்தது. அத்தையை நிழலில் நிறுத்திவிட்டுப் போய், மாமாவின் பெயரைத் தட்டினேன். வரவில்லை. பட்டாள எண்ணைத் தட்டினேன். வரவில்லை. பக்கத்தில் நின்ற இளம் சிப்பாய் தானும் மூன்று முறை தேடிவிட்டு, போரிலும் போர் நடவடிக்கைகளிலும் இறந்தவர்களின் பெயர்கள்தான் இங்கே உண்டு என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இதை ஊரிலிருந்தே விசாரித்திருக்கலாம். பட்டாளத்தில் செத்தால் பெயர் இருக்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். படித்த நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எங்கிட்டு இருக்காக?" என்றார் அத்தை.

ஒரு சுவரோரம் கூட்டிப்போய், அவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த ஏதோ ஒரு கல்லைக் காட்டி, "இதுதான் அத்தை" என்றேன். அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். வெகுநேரம் அதையே பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் கைபேசியைத் தூக்கியபோது தடுத்தார்.

"போட்டோ வேண்டாம்ப்பா. இது அவுக இல்ல."

கைபேசியைக் கீழே இறக்கினேன்.

"அவுக பட்டாளப் பெட்டி மேல வெள்ளப் பெயிண்டுல இங்கிலீசுல பேரு எழுதிருக்குல்ல, அத எத்தன வருசமாத் தொடைக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியாது. அவுக பேரு எப்புடி இருக்கும்னு கூடவா தெரியாது? மொத எழுத்தே இது இல்ல."

சிப்பாய் சொன்னதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். "ஏம்ப்பா, காச்சல்ல போனா சாவு இல்லையா?" என்று கேட்டார் அத்தை. அதற்கு எந்தப் பலகையிலும் பதில் எழுதியிருக்கவில்லை.

கடைசி வட்டத்தில் சுவர் இல்லை, வரிசை வரிசையாக மரங்கள்தான். அங்கே உட்கார வைத்து, "இது காவலோட வட்டம் அத்தை. ஒவ்வொரு மரமும் காவலுக்கு நிக்கிற ஒரு சிப்பாயாம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பலகையில அப்புடி எழுதிருக்கா, இல்ல இதுவும் நீயாச் சொல்றியா?"

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பலகை அருகே அழைத்துப்போய், விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினேன். தலையாட்டினார். நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது.

அப்போது குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டுக் கொடுத்தேன். "யம்மா, அப்பா பேரப் பாத்தியா?" என்றான் மச்சான். அத்தை மரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "யம்மா, கேக்குதா?" என்று அவன் மறுபடியும் கேட்டான்.

"நீ அனுப்புன பணத்துல போக வர ரயிலு, ரூமு, ஆட்டோ, சாப்பாடு எல்லாஞ் சேத்துப் பதினோராயிரத்து எழுநூறு ஆயிருச்சுப்பா" என்றார் அத்தை.