இருந்தது இருந்ததுதான்

போன வருடம் மழை ஓய்ந்த சமயம். மூணாறில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நானும் என் கணவரும் ஷேர் ஜீப்பில் சின்னக்கானலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து, அன்றைக்கே இறந்துபோயிருந்தது. ஆபரேஷன் மயக்கம் தெளிந்து நான் கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளை உயிரோடு பார்த்தவர் என் கணவர் மட்டும்தான். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கேட்டால் உடைந்துபோவாரோ என்று நானும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும், "பழகுறதுக்கு முன்னாடியே போயிருச்சு, மறந்துருங்க" என்றார்கள்.

பாதி வழியில் ஜீப் நின்றது. வளைவுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் ஒற்றை யானை. "ஆனை தானா எறங்கிப் போனாத்தான் நாம போக முடியும்" என்று டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

எதிர் சீட்டில் ஒரு இளம்பெண், மடியில் லேப்டாப் பையோடு. சித்திரபுரத்துக்காரி, சின்னக்கானலில் சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறாள். கொச்சியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறாளாம். என்ன ஆராய்ச்சி என்று என் கணவர் கேட்டார். டீ பாக்டரியில் மெஷின் பார்க்கிறவர், எதையும் குடைந்து கேட்காமல் இருக்க மாட்டார்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். அணுவுக்குள் புரோட்டான், அதற்குள்ளே குவார்க் என்று இன்னும் சின்னத் துகள்கள். வழக்கமாக அவை இரண்டாகவோ மூன்றாகவோதான் சேர்ந்திருக்கும். வெளிநாட்டில் ஒரு பெரிய இயந்திரத்தில் புரோட்டான்களை மோதவிடும்போது, எப்போதாவது கனமான குவார்க்குகள் நாலு சேர்ந்து ஒரு புதுத் துகள் பிறக்குமாம். பிறந்த வேகத்திலேயே சிதறியும் போகுமாம். அதன் ஆயுளோடு பார்த்தால் கண் இமைக்கிற நேரமே பல யுகம் என்றாள்.

அவர் சீட்டின் நுனிக்கு நகர்ந்தார். பிறகு கேட்டார்: "அவ்வளவு சீக்கிரம் போயிருதுன்னா, அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு எப்படிம்மா சொல்லுவீங்க?"

"அது சிதறினப்ப தெறிச்சதெல்லாம் மெஷின்ல பதிஞ்சிரும்ணே. அத வச்சு அதோட எடையக்கூடச் சொல்லலாம். கொஞ்ச நேரம்னாலும் இருந்தது இருந்ததுதானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்களுக்கும் ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சும்மா. அன்னைக்கே போயிருச்சு."

அந்தப் பெண் எந்த ஆறுதலும் சொல்லவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"பாப்பா யார் மாதிரிண்ணே இருந்தா?"

அதுவரை யாரும் எங்களிடம் கேட்காத கேள்வி அது.

அவர் என்னைப் பார்த்தார். "இவள மாதிரிதான். தலை நெறைய முடி. அழவே இல்ல. என் விரலக் கொடுத்தேன், இறுக்கிப் பிடிச்சிக்கிட்டா. நர்ஸம்மா வாங்க வந்தப்பவும் விடல."

யானை எப்போது காட்டுக்குள் இறங்கியது, ஜீப் எப்போது கிளம்பியது, எனக்குத் தெரியாது. முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பெண் என் முழங்கால் மேல் கை வைத்தபடியே வந்தாள்.

இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவர் சொன்னார்: "நீ கேப்பேன்னுதான் இருந்தேன்."

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன்."

தேயிலைக்கு நடுவே உட்கார்ந்து, மிச்சத்தையும் கேட்டேன். சின்ன விக்கல் வந்ததாம். ஒரு தடவை கண்ணைத் திறந்து வெளிச்சத்துக்குக் கூசி மூடினாளாம். மகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டிருக்க ஒரு தாய்க்கு அதுவே போதுமாக இருக்கிறது.