அத்தை வீட்டுக்கு வேவு பார்க்கப் போனேன்

ஐந்தாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் நான் தன்னந்தனியாக விமானத்தில் போனவள் என்று சொன்னால், கல்லூரியில் கூடப் படிப்பவர்கள் “அடேயப்பா!” என்கிறார்கள். எதற்காகப் போனேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. வேவு பார்க்கப் போனேன்.

ஆலங்குடியில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று மூன்று ஆண்கள். அவர்களுக்கு ஒரே உடன்பிறந்தவள் அத்தை. சென்னையில் நர்சாக வேலை பார்த்தபோது, தன் தாயை வைத்தியத்துக்குக் கூட்டி வந்திருந்த ஒரு மலைநாட்டுக்காரரை விரும்பி, ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, டார்ஜிலிங் பக்கம் காலிம்போங் என்கிற ஊருக்குப் போய்விட்டாள். அவர் புத்த மதம். பூச்செடி வளர்த்து விற்கிறவர். அதன் பிறகு ஏழு வருடமாக, அத்தையின் பெயரை யாராவது எடுத்தால் பெரியப்பா எழுந்து தென்னந்தோப்புக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

இந்தச் சமயத்தில் சித்தப்பாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மீதி முடிச்சுகளை அவன் உடன்பிறந்தவள்தான் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. “எங்க அக்கா வந்து போடாட்டி நான் மணையில உக்கார மாட்டேன்” என்று சித்தப்பா முரண்டு பிடித்தார். பெரியப்பா யோசித்தார். அவள் நம்ம வீட்டுப் பிள்ளையாகவே இருக்கிறாள் என்றால் பத்திரிகையில் பெயர் போடலாம், மாறிப் போயிருந்தால் வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னார். அதை யார் போய்ப் பார்ப்பது? பெரியவர்கள் போனால் உறவு புதுப்பித்ததாக ஆகிவிடும். சின்னப் பிள்ளை போனால், லீவுக்குப் போன கணக்கு. என்னை அனுப்பலாமா என்று அப்பா அத்தையிடம் போனில் கேட்ட மறுநாளே அத்தை வீட்டுக்காரர் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார்.

“இம்புட்டு வேகமா அனுப்புறான்னா ஏதோ இருக்கு” என்றார் பெரியப்பா.

கிளம்புவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நாலு விஷயம் ஒப்பித்தார். “இந்தா பாரு ஆத்தா. கழுத்துல தாலி கெடக்கான்னு பாரு. வீட்டுல நம்ம சாமி படம் இருக்கான்னு பாரு. அந்த ஆளு குடிக்கிறானான்னு பாரு. வீட்டுல தமிழ் பேசுறாகளான்னு பாரு. நான் கேட்டேன்னு மூச்சு விடக்கூடாது.” நான் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து எனக்கு நடையே மாறிவிட்டது.

சென்னை விமான நிலையத்தில் அப்பா என்னை ஒப்படைத்தார். விமானக் கம்பெனி அக்கா ஒருத்தி வந்து, காகிதங்கள் வைத்த பையை என் கழுத்தில் மாட்டி உள்ளே அழைத்துப் போனாள். யார் எது கொடுத்தாலும் தின்னாதே என்று அம்மா சொல்லியிருந்ததால், விமானத்தில் கொடுத்த பிஸ்கட்டைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நடுவில் கல்கத்தாவில் நின்றபோது பக்கத்து இருக்கைத் தாத்தா இறங்கிப் போய்விட்டார். அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

மலையடிவாரத்துப் பாக்டோக்ரா விமான நிலையத்தில் இறங்கினால், ஒரு குட்டையான மனிதர் என் பெயரைத் தமிழில் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுத்துகள் எழுதியவை அல்ல, பார்த்து வரைந்தவை. நெற்றியில் விபூதி. ஆனால் மூன்று பட்டையும் குறுக்கே இல்லாமல் நெட்டுக்குத்தாக இருந்தன!

“வாங்க. சாப்பிட்டீங்களா?” என்றார்.

பத்து வயதுப் பிள்ளையை ‘வாங்க’ என்று கூப்பிடுகிற ஆள் யோக்கியனாக இருக்க முடியுமா? விமானத்து அக்கா அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். நான் அதை வாங்கி இன்னொரு முறை பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அத்தைக்கு அன்று டியூட்டி என்பதால் மாமா மட்டும் வந்திருந்தார். மூன்று மணி நேர மலைப் பாதை. அவர் ஆரஞ்சுப் பழம் உரித்து நீட்டினார். மயக்க மருந்து இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். பிறகு வளைவுகள் வந்தன, வாயை மூடி வைத்திருக்க முடியவில்லை. அவர் மேலேயே வாந்தி எடுத்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லி, தன் சால்வையால் முதலில் என் முகத்தைத் துடைத்துவிட்டார். திரும்பத் திரும்ப “சாப்பிட்டீங்களா? சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். நாலாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அத்தை என்னைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். அழும்போது கழுத்தைப் பார்த்தேன். தாலி இருந்தது. ஆனால் கயிறு அப்போதுதான் கடையிலிருந்து வந்தது போல் பளீரென்று மஞ்சளாக இருந்தது, ஸ்வெட்டர் கழுத்தெல்லாம் மஞ்சள் ஒட்டியிருந்தது. அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பையன். அவன் மடியில் ஏறி அந்தத் தாலியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தான், கடித்தும் பார்த்தான். பிறந்ததிலிருந்து அம்மா கழுத்தில் கிடக்கிற பொருளை எந்தப் பிள்ளை அப்படி அதிசயமாகப் பார்க்கும்?

அதன் பிறகு ஒன்பது நாள் நான் சும்மா இருக்கவில்லை. சுவரில் சின்னதாக ஒரு முருகன் படம் மாட்டியிருந்தது. அதைச் சுற்றி, பெரிய படம் ஒன்று வெகுகாலம் தொங்கிய வெளுத்த சதுரம் தெரிந்தது. எந்தப் படத்தைக் கழற்றினார்கள் என்று தேடினேன். கட்டிலுக்கு அடியில் துணி சுற்றிப் புத்தர் இருந்தார். மாமாவின் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. நம் ஊர்ப் பேச்சைத் தன் எழுத்தில் எழுதி, அதைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார் மனிதர். விடிந்ததும் அத்தை அந்தப் பனியில் வாசல் தெளித்துக் கோலம் போடுவாள், உள்ளே வந்து விறைத்த விரல்களை அடுப்பில் காட்டுவாள். பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் வந்து நின்று அந்தக் கோலத்தை வேடிக்கை பார்த்தாள். அப்படியென்றால் அதுவும் புதுசு. மாமா ஒன்பது நாளும் சொட்டுக் குடிக்கவில்லை. ஒரு நாள்கூடக் குடிக்காத ஆளும் உண்டா? அதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தேன்.

கிளம்புகிற அன்று காலையில் அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள். “ஊருல போயி என்னத்தா சொல்லுவ?”

“நல்லா இருக்கீங்கன்னு சொல்லுவேன்.”

“மாமா தெனமும் சாமி கும்புடுறாருன்னு அண்ணங்கிட்ட சொல்லு, என்ன? தை மாசத்துக்கு ஆஸ்பத்திரியில லீவு எழுதிக் குடுத்துட்டேன் ஆத்தா. ஒங்க சித்தப்பாவை இடுப்புல தூக்கி வளத்தவ நானு.”

சரி அத்தை, சரி அத்தை என்று தலையாட்டினேன். சடை நேராக வரவில்லை என்று அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

ஆலங்குடிக்கு வந்ததும் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து என்னை நடுவில் நிறுத்தினார்கள். இதற்காகத்தானே போனேன்! ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டேன். மஞ்சள் ஒட்டிய ஸ்வெட்டர், வெளுத்த சதுரம், கட்டிலடிப் புத்தர், துண்டுச் சீட்டு, நெட்டுக்குத்தான விபூதி. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில் நான், “எல்லாம் நடிப்பு பெரியப்பா. நான் வாறேன்னு தெரிஞ்சு நடிச்சிருக்காக” என்றேன்.

“பாத்தியளா? நான் சொல்லல?” என்றார் பெரியப்பா. “இவ போலீசு வேலைக்குத்தான் லாயக்கு.” எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சித்தப்பா எழுந்து வெளியே போனார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளை வந்து போவதற்காக ஒரு மனிதர் தன் சாமியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். தெரியாத பாஷையை மனப்பாடம் செய்தார். எதற்காக நடித்தார்கள் என்று பெரியப்பா கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பத்திரிகையில் அத்தை பெயர் வரவில்லை. சித்தப்பாவை எப்படியோ பேசிச் சரிக்கட்டி மணையில் உட்கார வைத்துவிட்டார்கள். பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி முடிச்சுப் போட நின்றாள். அவளுக்கும் சித்தப்பாவுக்கும் நேர்ப்பேச்சே கிடையாது. முகூர்த்தம் நெருங்கும்போது மண்டபத்தில் ஒரு தூண் ஓரமாக அப்பா கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பூனை போலப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். வீடியோ காலில் அத்தை, மாமா, மடியில் பையன். மூன்று பேரும் மணமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகா, மாட்டிக்கொண்டார் அப்பா! கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடையோரம் ஓடினேன். பெரியப்பா அட்சதைத் தட்டோடு நின்றார். அவர் காதில் விஷயத்தைப் போட்டேன்.

அவர் தூண் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கெட்டிமேளம் சொல்லிவிட்டார்கள், பக்கத்தில் யாரோ கை நீட்டியும் அவர் அட்சதை கொடுக்கவில்லை.

“ஒங்கப்பனை இன்னும் கொஞ்சம் ஒசத்திப் பிடிக்கச் சொல்லு” என்றார். “முன்னாடி ஆளு மறைக்கிது.”

எனக்கு ஒரே ஏமாற்றம். இவ்வளவு பெரிய துப்பைக் கொண்டுவந்திருக்கிறேன், ஒரு சபாஷ் இல்லை. பெரியப்பாவுக்குக் கல்யாண வேலையில் புத்தி குழம்பிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். அப்பாவிடம் போய் அதைச் சொல்லவில்லை. முதல் பந்தியில் இடம் பிடிக்க ஓடிவிட்டேன்.