லேசான மூட்டை

ஜெனிவாலுக்கு வயது இருபத்திரண்டு. அவன் முதுகைக் கேட்டால் அறுபது என்று சொல்லும். விடிந்ததும் செர்ரா பெலாடா தங்கப் பள்ளத்தில் இறங்குவான். சேற்று மூட்டையைச் சுமந்துகொண்டு, 'அம்மா போறேன்' என்று பேர் வாங்கிய ஏணியில் ஏறிக் கொட்டுவான், மறுபடி இறங்குவான். பேர் வைத்தவன் அனுபவசாலி. அங்கே கால் வழுக்கினால் அதைச் சொல்லத்தான் நேரம் இருக்கும்.

மரன்யாவோவிலிருந்து கிளம்பும்போது, கோடீஸ்வரனாகத்தான் திரும்புவேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தவன். இப்போது கோடியெல்லாம் வேண்டாம். மரவள்ளி போட ஒரு துண்டு நிலம், ஊரில் இருக்கும் லூசினெய்டியைக் கட்டிக்கொண்டு குடியிருக்க ஒரு கூரை, அவ்வளவு போதும். ஆனால் வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊருக்குப் போவது? அதனால் சுமந்தான். தின்றதும் தூங்கியதும்கூட மறுநாள் சுமப்பதற்காகத்தான்.

ஒரு வியாழக்கிழமை அவர்கள் குழியில் தங்கம் தட்டுப்பட்டது. தங்கம் கண்ட நாளில் சுமைக்காரன் ஒவ்வொருவனும் ஒரு மூட்டையைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். முதலாளிகூட வாய் திறக்க முடியாது. பிரித்துப் பார்க்கத்தான் கூடாது. உள்ளே வெறும் சேறும் இருக்கலாம், ஆயுசுக்கும் போதுமான தங்கமும் இருக்கலாம். அதிர்ஷ்டம் இவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றது அவனுக்கு அதுவே முதல் தடவை.

அவன் முறை வந்தபோது, விடிந்ததிலிருந்து முப்பது தடவை ஏணி ஏறி இறங்கியிருந்தான். முதலில் கைக்கு வந்த மூட்டை இடுப்பை ஒடித்தது. கீழே வைத்துவிட்டான். பக்கத்து மூட்டை லேசாக எழும்பியது. தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

பின்னால் நின்ற ஒனோஃப்ரே, ஒரே குடிசையில் படுக்கிற கூட்டாளி, நம்பாமல் பார்த்தான்.

"மாப்ளே, இத விட்டுட்டா போற? நெசமாத்தானா?"

"நீயே தூக்கு. எனக்குத் தெம்பு இல்ல."

ஒனோஃப்ரே தூக்கினான். படிக்குப் படி நின்று, தன்னைத்தானே திட்டிக்கொண்டு மேலே கொண்டுபோனான்.

சாயங்காலம் இருவரும் ஓடையில் மண்ணை அலசினார்கள். ஒனோஃப்ரேயின் தட்டில் பாக்கு அளவுக்குத் தங்கக் கட்டிகள் கிடந்தன. ஜெனிவாலின் தட்டில் சேறு கரைந்து போனது. அடியில் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப அலசினான்.

ஒனோஃப்ரேக்குச் சந்தோஷப்படவும் கூச்சமாக இருந்தது. "ஏன்டா, கனமா இருக்கறதத்தான எடுக்கணும்? தங்கம்டா அது. பஞ்சுன்னு நெனச்சியா?"

ஜெனிவால் தட்டைக் கவிழ்த்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தான்.

"தூக்குனப்ப தங்கம் நெனப்புக்கே வரலடா. மேல ஏத்தணுமேங்கறதுதான் வந்துச்சு."