பல் டாக்டர் துப்பறிந்த ஞாயிற்றுக்கிழமைகள்

முதல் அறிகுறி வலி அல்ல. இரண்டு வாய்ச் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிட்டது. அவ்வளவுதான்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் எனக்கு வேலை. பெண்கள் ஒட்டிக் கொண்டுவரும் பெட்டிகளை எண்ணி வாங்க வேண்டும். மத்தியானம் கொண்டுபோகிற சோறு பாதிக்கு மேல் வீட்டுக்கே திரும்பியது. குச்சி முக்குகிற மருந்தின் வாடையால் வரும் குமட்டல் என்று நானாக முடிவுகட்டி, மூன்று மாதம் சீரகத் தண்ணீர் குடித்தேன். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அப்படி இருந்தால் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். மற்றதை எல்லாம் பிறகு சொல்கிறேன், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் மணியாச்சி ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர்தான் என்னை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனார். எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்தார்கள். பயாப்சிக்கு (சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது) கொடுத்தார்கள். முடிவை வாங்க அவர் மட்டும் போனார். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"ஒண்ணுமில்லட்டி. வயித்துல புண்ணு. பாதி இரைப்பைய எடுத்துட்டா சரியாப் போயிருமாம்."

ஒன்றுமில்லாததற்குப் பாதி இரைப்பையை எடுப்பார்களா? கேட்கத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் அந்த நோயை யாரும் பெயர் சொல்லிப் பேசமாட்டார்கள். நோயாளியிடம் சொன்னால் பாதி உயிர் அன்றைக்கே போய்விடும் என்பார்கள். டாக்டரிடமும் அவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டதாகப் பின்னால் தெரிந்தது.

ஆபரேஷன் முடிந்து, தையல் ஆறியதும் கீமோதெரபி (நோய் அணுக்களை அழிக்க நரம்பில் ஏற்றும் மருந்து) தொடங்கியது. வீட்டில் அதற்குப் பெயர் 'புண்ணு ஆற ஊசி'. மாதம் ஒரு தடவை மதுரைக்குப் போய் ஒரு நாள் படுத்திருந்து ஏற்றிக்கொண்டு வருவோம். சிவப்பாக, ரோஜாப்பூ சர்பத் மாதிரி ஒரு மருந்து இறங்கும். மூன்றாவது தடவை பக்கத்துக் கட்டிலில் புதூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. ஆடு மேய்க்கிற குடும்பம். அவளுக்கும் அதே சிவப்பு.

"ஒங்களுக்கும் மார்லதானாக்கா?" என்றாள்.

"இல்ல. வயித்துல புண்ணு."

அவள் என் பாட்டிலைப் பார்த்தாள். தன் பாட்டிலைப் பார்த்தாள். "புண்ணுக்கெல்லாம் இத ஏத்த மாட்டாவளே. எனக்குப் புத்துநோய்னு டாக்டரு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாரு. ஆட்டுக்காரிகிட்ட மறைச்சு அவிய என்ன செய்யப் போறாவ?" என்று சிரித்தாள். அதற்குள் இளநீரோடு என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். யார் எதை மறைக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு நொடியில் புரிந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு எல்லாம் கண்ணில் பட்டது. என் ஆஸ்பத்திரி ஃபைல் வீட்டில் கிடையாது, மணியாச்சியில் அவர் மேசைக்குள் இருந்தது. மாத்திரைகள் பெயர் இல்லாத காகிதப் பொட்டலத்தில் வந்தன. தலைமுடி கொட்டியதற்குக் கோவில்பட்டித் தண்ணீரைத் திட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனிதர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், என் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறாரே, மறைத்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அது அன்பு என்றுதான் நினைத்தேன்.

இனி அந்தத் தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ஒரு ஹிந்தித் துப்பறியும் தொடர் வந்துகொண்டிருந்தது. பனி பெய்கிற மலையூர் ஒன்றில் வாரம் ஒரு கொலை நடக்கும். கண்டுபிடிப்பவர் ஒரு பல் டாக்டர். வயதானவர், அதிர்ந்து பேசாதவர். அவரிடம் வந்தால் ஊரில் எல்லாரும் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்?

எனக்கு ஹிந்தி தெரியாது. என் வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வருஷம் வடக்கே இருந்தவர். அதனால் தெருவிலேயே ஹிந்தி தெரிந்தவர் என்று பெயர். எனக்கு வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வருவார். ஆனால் அவர் சொன்ன கதைகளில் பனிமலைக்காரர்கள் வரப்புத் தகராறில் கொன்றார்கள். பருத்தி எடுக்கப் போன இடத்தில் ஏற்பட்ட பகையில் கொன்றார்கள். கொலைகாரன் பெரும்பாலும் மச்சினன். அந்த மலையில் ஏது பருத்தி? மூன்று வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது ஊர்ப் பெயரும் எண்ணும் மட்டும்தான் என்று இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. அதையும் நான் சொல்லவில்லை. அவர் கதை நன்றாகவே இருந்தது.

அந்தத் தொடர் எனக்கு ஏன் அவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். சாவு அதில் சுத்தமாக இருந்தது. நாற்காலியில் ஒருவர் சாய்ந்திருப்பார், காபிக் கோப்பை உருண்டு கிடக்கும், அவ்வளவுதான். வாந்தி இல்லை, வாளி இல்லை. அதைவிட, அங்கே யாரும் காரணமில்லாமல் சாகவில்லை. ஏன் செத்தார் என்று ஒரு மனிதர் வீடு வீடாகப் போய்க் கேட்பார், பதில் கிடைக்காமல் விடமாட்டார். எனக்கு ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கருவாடா, தீப்பெட்டி மருந்தா, என் தலையெழுத்தா? புண் ஏன் வந்தது என்று டாக்டரைக் கேட்டால் உதட்டைப் பிதுக்கினார். அந்த அரை மணி நேரம் மட்டும் உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஊசி போட்ட வாரம் தலையைத் தூக்க முடியாது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஐந்தாவது ஊசி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குச் செத்தது ஒரு நடுவயதுப் பெண். பல் டாக்டர் சன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்தபடி சொன்னார்.

"அவளுக்கு வலிச்சிருக்காதாம். டாக்டரு சொல்லுதாரு. தூங்குத மாதிரிப் போயிட்டாளாம்."

திரையில் யாரும் பேசவில்லை. பின்னணி இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "ஏட்டி..." என்றார், நிறுத்திவிட்டார். எனக்குத் தெரியுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். கையை எட்டிப் பிடித்திருந்தால்கூடப் போதும். எனக்குப் பயமாக இருந்தது. அவர் உடைந்துவிட்டால் நானும் உடைந்துவிடுவேன் என்று பயம்.

"அப்பக் கொன்னது யாருங்க?" என்று கேட்டேன்.

அவர் நீளமாக மூச்சு விட்டார். "வேற யாரு, மச்சினன்தான்."

ஆறு ஊசியோடு சிகிச்சை முடிந்தது. முடி முளைத்தது. தொடரும் ஒருநாள் நின்றுபோனது. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரித்துக்கொண்டேன். கொஞ்சம் கூடினாலும் டம்பிங் (இரைப்பை சிறுத்ததால் சாப்பாடு சட்டென்று குடலில் இறங்கி, வியர்த்து மயக்கம் வருவது) வந்து படுக்கப் போட்டுவிடும். மறுபடி பெட்டி எண்ணப் போனேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரையில் பரிசோதனை. என்னை வராண்டா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, முதலில் அவர் மட்டும் டாக்டர் அறைக்குள் போவார். பிறகு என்னைக் கூப்பிடுவார்கள்.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில், ஒரு மழை நாளில், மணியாச்சி ஸ்டேஷனில் பாலத்தின் படி ஏறி இறங்கியவர் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். சாகக் கிடந்தவள் நான், போனது அவர்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடன் வேலை பார்த்தவர் ஒரு பையோடு வந்தார். "அண்ணாச்சி மேசையில இருந்துச்சு மதினி." என் ஃபைல். அதற்கு அடியில் அவருடைய ஈசிஜி (இதயத் துடிப்பைக் கோடாக வரையும் சோதனை), ஒன்றரை வருஷப் பழையது. பாதி தீர்ந்த இதய மாத்திரைகள். அவர் என்னிடம் மறைத்ததை எல்லாம் மோப்பம் பிடித்தவள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அவருக்குப் படியேறினால் மூச்சு வாங்கியதை மட்டும் பார்த்தும் பார்க்கவில்லை. ஒருமுறை கேட்டதற்கு, "வயசாகுதுல்லா" என்றார். நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக என்மேல் வந்தது. இரண்டும் இன்னும் தீரவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு ஃபைலை நானே எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் கதவைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் வரலியாம்மா?"

சொன்னேன். என் கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டார். பிறகு தயங்கிக் கேட்டார். "உங்களுக்கு என்ன நோய்னு தெரியுமா?"

"தெரியும் சார். மூணாவது ஊசியிலயே தெரியும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு தடவையும் தனியா வந்து கேட்பாரும்மா. அவகிட்டச் சொல்லிரட்டுமா சார், ஒத்தையில சுமக்க முடியலன்னு. சொல்லுங்க, அதுதான் நல்லதுன்னு நானும் சொல்வேன். சரி சார், இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிருதேன்னுட்டுப் போவாரு."

திரும்பி வரும்போது சாத்தூர் தாண்டும்வரை எனக்கு அழுகை வரவில்லை. அதன் பிறகு நிற்கவில்லை.

நோய் ஒரு வீட்டுக்குள் வந்தால் பேசிவிடுங்கள். நோயாளி தாங்கமாட்டார் என்று நினைக்காதீர்கள், பார்த்துக்கொள்கிறவர் தாங்குவார் என்றும் நினைக்காதீர்கள். எனக்கு இருக்கிற ஒரே வைத்தியம் இதுதான், அதுவும் காலம் கடந்து கற்றுக்கொண்டது.

ஐந்து வருஷம் முடிந்ததும், இனி வர வேண்டாம், நோய் இல்லை என்று டாக்டர் கைகூப்பினார். அதைக் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

அவர் போனபோது வயது நாற்பத்தொன்பது. எனக்குப் போன மாதம் ஐம்பது முடிந்தது. பாதி இரைப்பையோடும், நிமிர்ந்தால் இழுக்கிற தழும்போடும் இந்த உடம்பு அவர் பார்க்காத வயதுக்குள் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து என்னைவிட மூத்தவராக இருந்தவர் இப்போது என்னைவிட இளையவர். வருஷம் போகப் போக இன்னும் சின்னவராகிவிடுவார், தனியாக ஒரு பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு.