டப்பாவில் வராத சளி

என் மாமனாரின் இருமல், நான் கல்யாணமாகி பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம். கோலார் தங்கவயல் சுரங்கத்தில், அதை மூடுகிற வரைக்கும், பூமிக்கு அடியில் பாறையில் துளை போட்டவர் அவர். கல் தூசி நெஞ்சில் படிந்து இறுகிவிட்டது, இனி அது போகாது என்று எந்த டாக்டரிடம் காட்டினாலும் சொல்வார்கள். காலையில் எழுந்ததும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஒரு பாட்டம் இருமித் தீர்ப்பார். அதற்குப் பிறகுதான் நான் பாலை அடுப்பில் வைப்பேன். பிள்ளையின் ஸ்கூல் வேன் கொஞ்சம் தாமதமானாலே தெருமுனைக்கு ஓடுகிறவள் நான். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். ஆனால் அந்த இருமலுக்கு மட்டும் பயந்ததே இல்லை. பழைய தூசி, பழைய இருமல் என்று விட்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் சளி பிடித்தது. பிள்ளைக்கு வந்து போனது, எனக்கு வந்து போனது, என் வீட்டுக்காரருக்கு வந்து போனது. மாமாவுக்கு மட்டும் போகவில்லை. காய்ச்சல்கூடப் பெரிதாக இல்லை. சோற்றைத் தட்டில் ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். ஒரு நாள் சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, "சங்கு ஊதிட்டானாம்மா?" என்று கேட்டார். சுரங்கத்தில் ஷிப்டுக்கு ஊதுகிற சங்கைத்தான் கேட்கிறார். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னாலேயே அது ஓய்ந்துவிட்டது. விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

பக்கத்து கிளினிக்கில் விரலில் ஒரு கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்த்த டாக்டர், மருந்தே எழுதாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். நகரத்துக்குள்ளே இருக்கிற ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் ஆக்ஸிஜன், கையில் ஊசி. என் வீட்டுக்காரருக்கு கம்பெனியில் ஷிப்ட். லீவு கிடைக்காது. நான் தைக்கப் போகிற கார்மென்ட்ஸில் எனக்கும்தான் கிடைக்காது, ஆனாலும் நான்தான் போட்டேன். யாராவது ஒருத்தர் கட்டில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றால் அது எப்போதும் நான்தான் என்று வீட்டில் பேசாமலே முடிவாகி இருந்தது.

போனில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெங்களூர்க் குளிர் என்றார் ஒரு சின்ன மாமனார். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றியதுதான் என்றார் நாத்தனார். தயிர், வாழைப்பழம், எதிர் மனையில் கட்டடம் கட்டுகிற தூசி, நான் ஜன்னலைத் திறந்து வைத்தது. கடைசியாகச் சொன்னது மட்டும் என் மனதில் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். என்னைவிட அதிகமாகக் களைத்திருந்தார். ஜன்னலைப் பற்றிக் கேட்டேன்.

"ஜன்னல் ஒண்ணும் பண்ணலம்மா. நம்ம எல்லார் மூக்குலயும் தொண்டைலயும் பாக்டீரியா எப்பவும் உக்காந்துட்டுதான் இருக்கும். வைரஸ் சளி வந்து உடம்பு தளர்ந்தா, அது கீழ இறங்கிடும். இவருக்கு ஏற்கனவே தழும்பு விழுந்த லங்ஸ். தள்ளி வெளிய அனுப்ப சக்தி இல்ல. அங்கயே பெருகிடும்."

"நிமோனியாதானா மேடம்?"

"அதுலதான் சிக்கல்." எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் மேலே வெள்ளை வெள்ளையாக, கஞ்சி தெறித்த துணி மாதிரி இருந்தது. "வேற யாருக்காவது இப்படி இருந்தா நிமோனியான்னு உடனே சொல்லிடுவேன். இவருக்கு எது பழைய தூசி, எது புதுசுன்னு படத்துல தெரியல. கல் தூசி இருக்கறவங்களுக்கு டிபியும் சுலபமா வரும். ரத்தத்துல இன்ஃபெக்ஷன் இருக்குன்னு தெரியுது, எந்தக் கிருமின்னு தெரியல. மூணு நாளா பொதுவா ஒரு ஊசி போடறோம், கேக்கல. ஒவ்வொரு கிருமிக்கும் மருந்து வேற. நெஞ்சுல இருந்து வர்ற சளி வேணும். எச்சில் இல்ல, கெட்டிச் சளி."

எட்டாவதோடு நின்றவள் நான். மற்றதெல்லாம் பாதி பாதியாகப் புரிந்தது. டிபி மட்டும் முழுசாகப் புரிந்தது. வீட்டில் ஆறு வயசுப் பிள்ளை, தாத்தாவின் பக்கத்தில்தான் படுக்கும். "டிபியா இருக்குமா மேடம்?" என்று அப்போதும் கேட்டேன், ரவுண்ட்ஸ் வரும்போது கேட்டேன், நர்ஸிடம் கேட்டேன், ஊசி போட வந்த ஆளிடம்கூடக் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தால் இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்கிற மாதிரி.

மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்தார்கள். காலையில் மாமா அதை வாங்கிக்கொண்டு, ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார். மருமகள் முன்னால் துப்ப அவருக்குக் கூச்சம். எனக்கும் கூச்சம்தான். கதவுக்கு வெளியே நின்றேன். குழாய்ச் சத்தம், இருமல் சத்தம், கொப்பளிக்கிற சத்தம். வெளியே வந்து டப்பாவை நீட்டினார். லேபில் இருந்தவர் அதை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில், "இது பரீ உகுளு அம்மா. கஃப எல்லி?" என்றார். வெறும் எச்சில், சளி எங்கே என்கிறார். கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கே தெரிந்தது.

அடுத்த நாளும் அதேதான். அன்றைக்கு வாங்கிக்கொண்டார்கள், ஆனால் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, வாய்க்குள்ளே இருக்கிற தோல் அணுதான் இருக்கிறது, நெஞ்சிலிருந்து எதுவும் வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உப்புத் தண்ணீர் ஆவி பிடிக்க வைத்தார்கள். அதற்கும் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. கிளிப்பில் தெரிகிற எண் இறங்கிக்கொண்டே போனது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டு ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டினார்கள். நான் மாமாவின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஒரு நாள் பாக்கலாம்" என்றார் டாக்டர். "அப்புறம் வாய் வழியா டியூப் விட்டு உள்ள இருந்து எடுக்கணும். இவர் லங்ஸ் இருக்கற நிலைமையில அதை செய்யலாம்னு என்னால தைரியமா சொல்ல முடியல. டியூப் விட்டா சில பேரை அப்படியே ஐசியூல மெஷின்ல வெக்க வேண்டி வரும்."

அன்றைக்கு மத்தியானம் மாமாவின் கூட்டாளி வந்தார். தங்கவயலிலிருந்து ரயில் பிடித்து, பஸ் மாறி வந்திருந்தார். சுரங்கத்தில் இருவரும் ஒரே மெஷினைப் பிடித்துத் துளை போட்டவர்கள். ஒல்லியான ஆள், வார்டே திரும்பிப் பார்க்கிற குரல்.

"இன்னாடா, கட்டில் கெடச்சதும் கால நீட்டிக்கினியா?"

மாமா மாஸ்க்குக்குள்ளே சிரித்தார். சேர்த்த நாளிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

"இன்னா சொல்றாங்கம்மா?" என்று கூட்டாளி என்னிடம் கேட்டார். சொன்னேன். எந்தக் கிருமி என்று தெரியவில்லை, சளி வேண்டும், மாமாவுக்குச் சளியே வர மாட்டேன் என்கிறது.

"யாருக்கு, இவனுக்கா?" அவர் சிரித்த சிரிப்பு இருமலாகி, அந்த இருமல் அடங்க நேரமானது. "யம்மா, உம் மாமனாரு டாக்டருக்கு சளி குடுத்ததா சரித்திரமே கெடயாது."

"வாய மூட்றா" என்றார் மாமா.

"நீ மூடு. மாஸ்க் போட்டுக்கினு கீறவன் நீதான்." என் பக்கம் திரும்பினார். "சொரங்கத்துல எங்களுக்கு அப்பப்ப மெடிக்கல் டெஸ்ட் இருக்கும்மா. தூசி எல்லாருக்கும்தான் இருந்துச்சு, அத்த ஒண்ணும் பண்ண மாட்டாங்க. சளில கிருமி இருந்துச்சுன்னா மேல ஏத்திடுவாங்க. அப்புறம் கீழ வேலைக்கு எறங்க முடியாது. நாங்க குடியிருந்த லைன் வூடுங்க முழுக்க தெரிஞ்சிடும். இன்னாருக்கு காசம்னு அந்த வூட்டுப் பக்கமே கொழந்திங்கள வுட மாட்டாங்க. அதனால இன்னா பண்ணுவோம்? காலைலயே எல்லாத்தயும் இருமித் துப்பிட்டு, உப்புத் தண்ணில நல்லா கொப்பளிச்சிட்டு, வெறும் வாய் எச்சில கொண்டும்போயி டப்பால வுடுவோம். ஒரு வாட்டி இவனுக்கு எவ்ளோ கொப்பளிச்சும் வந்துக்கினே இருக்குது. டப்பாவ எங்கிட்ட நீட்டிட்டான். இவனுக்கும் சேத்து நாந்தான் துப்புனேன். பாஸாயிட்டான்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இப்பவும் வேணும்னா துப்பட்டுமாடா?" என்றார் கூட்டாளி. "ஆனா எஞ்சரக்கும் இப்ப சரியில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குழாய்ச் சத்தம்தான் காதில் கேட்டது. சளி வராமல் இல்லை. தினமும் காலையில் வந்திருக்கிறது. பாத்ரூமில் தண்ணீர் விட்டு அனுப்பிவிட்டு, வாயைச் சுத்தம் செய்துகொண்டு வந்து, எங்களுக்குத் துப்பியிருக்கிறார். புத்தி தெளிந்திருந்த நேரத்தில் தெரிந்தே செய்தாரா, சங்கு ஊதிவிட்டதா என்று கேட்கிற நிலையில் பழக்கத்தில் செய்தாரா, எனக்கு அப்போது தெரியவில்லை.

கூட்டாளி ரயிலுக்குக் கிளம்பிப் போன பிறகு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கோபப்படத் தெம்பு இல்லை.

"ஏன் மாமா?"

மாமா மாஸ்க்கை விலக்கினார்.

"நீ டிபியா டிபியான்னு எல்லாரயும் கேட்டுக்கினே இருந்தியேம்மா. எங்காதுல வுழுந்துச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார்.

"அங்க கெட்டது வந்தா மேல அனுப்புவாங்க. இங்க வந்தா எங்க அனுப்புவீங்க? வூட்ல கொழந்த கீது. தங்கவயல்ல இப்ப எனக்கு வூடும் இல்ல."

இதற்கு நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். இடுப்பு வலித்தது. காலையிலிருந்து ஒரு டீதான் குடித்திருந்தேன்.

"எங்க மாமா அனுப்பறது? உங்கள அனுப்பறதுக்கு நமக்கு வேற வீடு எங்க இருக்கு? டிபியா இருந்தா மாத்திர போடணும். நீங்க ஹால்ல படுப்பீங்க, பிள்ள எங்கூட உள்ள படுக்கும். மாத்திரய நான் எடுத்துக் குடுப்பேன். சாப்புட்டாச்சா, சாப்புட்டாச்சான்னு உங்க உயிர எடுப்பேன். அவ்ளோதான் நடக்கும். ஆனா டியூப் விட்டாங்கன்னா நான் தாங்க மாட்டேன். நாளைக்கு ஒழுங்கா துப்புங்க."

மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

காலையில் அவர் பாத்ரூமுக்குப் போகவில்லை. கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் டப்பாவைத் திறந்து பிடித்தேன். இன்னொரு கையால் முதுகைத் தேய்த்தேன். எலும்பு எலும்பாகக் கையில் தட்டுப்பட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் என் எதிரிலேயே இருமினார். அடியிலிருந்து எதையோ பெயர்த்துக்கொண்டு வருகிற மாதிரி இருமல். வந்தது. மஞ்சளும் பச்சையுமாக, நடுவில் துரு நிறத்தில் ஒரு கோடு. மூடியைத் திருகினேன். டப்பா என் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

லேபில் இருந்தவர் இந்தத் தடவை டப்பாவை ஆட்டிப் பார்க்கவில்லை. லேபிளை ஒட்டி உள்ளே கொண்டுபோனார்.

டிபி இல்லை என்று அன்றைக்குச் சாயந்திரமே சொல்லிவிட்டார்கள். மற்ற கிருமி எது என்று தெரிய, சளியைத் தட்டில் வைத்து வளர்த்துப் பார்க்க வேண்டுமாம், அதற்கு இன்னும் இரண்டு நாள் ஆனது. என் வாயில் நுழையாத ஒரு பேரைச் சொன்னார் டாக்டர். சாதாரண பாக்டீரியாதான், ஆனால் இதுவரைக்கும் போட்ட ஊசிக்கு அது அடங்காது, அடங்குகிற மருந்து எது என்றும் ரிசல்டிலேயே வந்திருக்கிறது என்றார். மருந்தை மாற்றினார்கள். மாமாவிடம் டிபி இல்லை என்று நான் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினார். காய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கஞ்சியில் உப்பு போதவில்லை என்று அவர் குறை சொன்ன அன்றைக்கு, நான் வராந்தாவில் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கொட்டாவிதான் வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார். "கிருமி போயிடுச்சு. தூசி போகாது. தழும்பு இருக்கற எடத்துல இது மறுபடி வரலாம். நிமோனியாவுக்குத் தடுப்பூசி இருக்கு, கொஞ்ச நாள் கழிச்சு வந்து போட்டுக்கங்க. வயசானவங்களுக்குக் காய்ச்சல் வரும்னு காத்துட்டு இருக்காதீங்க. சாப்பாடு குறைஞ்சா, மூச்சு வேகமானா, மாத்திப் பேசினா, உடனே கூட்டிட்டு வாங்க."

சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் ஆட்டோ நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. மாமா கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். என் மடியில் மாத்திரைப் பை, எக்ஸ்ரே கவர், துவைக்க வேண்டிய துணி. ஆட்டோ நகர்கிற வழியாகத் தெரியவில்லை.

"யம்மா" என்றார் மாமா. "அடுத்த வாட்டி நீ கேக்கவே வேணாம். நானே மொத நாளே குடுத்துடறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதிலிருந்து 'அடுத்த வாட்டி' என்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஹெப்பகோடி வருகிற வரைக்கும் அவர் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன்.