பாய் கடையின் எட்டுக் குழாய்கள்

மைக் செட் தொழிலில் சத்தம் நன்றாக இருந்தால் பேச்சாளருக்குப் பேர். கொஞ்சம் கரகரத்தால் நமக்குத் திட்டு. ஒயர் சுற்றிக் கை காய்த்த அண்ணன்மார்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் மங்கலம்பேட்டை பாய் ஒருத்தர் நடத்தும் கடையில் நான் ஆம்ப்ளிபயர் பார்க்கிறேன். வயது பதினேழு. யார் பேசினாலும் ஒரு தரம் கேட்டால் போதும், அதே குரலில் திருப்பிப் பேசுவேன். பாய்க்கு என்னிடம் பிடிக்காதது அது ஒன்றுதான்.

ஆறு மைக்

பீங்கான் கம்பெனி ஒன்றில் ஆண்டு விழா. மேடையில் ஆறு நாற்காலி. ஆளுக்கொரு மைக் வேண்டுமென்றார்கள். ஆறையும் திறந்ததும், குழாய் ஸ்பீக்கரில் போன சத்தம் ஆறு மைக்கிலும் திரும்பப் புகுந்து ஊளையிட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பேசுகிறவர் மைக்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் மூடினேன். ஊளை நின்றது, வார்த்தை தெளிவாக விழுந்தது.

கடைசி நாற்காலிக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "தம்பி, நான் பேசலன்னாலும் எம் மைக்கு உயிரோட இருக்கணும். சம்சாரம் வந்திருக்குது."

டீக்கடைக் குழாய்

ஒரு நாள் அவசரத்தில், டீக்கடை வாசலில் கட்டிய குழாய்க்குப் போகிற ஒயரை மைக் சொருகும் துளையில் சொருகிவிட்டேன். காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் டீ ஆற்றும் சத்தம். குழாய் பேசுவது மட்டுமில்லை, தன் அடியில் நடப்பதைக் கேட்கவும் செய்கிறது. இப்படியொரு சொத்து கிடைத்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

டீ மாஸ்டர் யாரிடமோ, "பாய் கடை ஒயரு பூரா ஒட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒயரைப் பழைய இடத்தில் மாற்றி, பாய் குரலில், "உன் டீயில பாலு இருக்குதா, மொதல்ல அதச் சொல்லுப்பா" என்றேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் பாய். "டேய், நான் இங்க நிக்கிறேன். டீக்கடையில பேசுனது யாரு? இன்னொரு தரம் அடுத்தவங்க கொரலு குழாயில வந்துச்சுன்னா, நீ வூட்டுக்குப் போயிடலாம்."

மாசி மகம்

கோயில் வாசலிலிருந்து ஆற்றங்கரை வரை எட்டுக் குழாய். ஒன்று அறுந்தாலும் மற்றவை பேசட்டும் என்று பாய் ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுப்பார். கம்மாபுரத்து அம்மா ஒருத்தர், நாலு வயசு மகள் செல்வியைக் காணோமென்று எங்கள் மைக் மேசைக்கு ஓடி வந்தார். ஆற்றோரம் வரை கத்திக் கத்தித் தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது. ஆற்றில் அன்று தண்ணீர் ஓடியது. பாய் இரண்டு தரம் அறிவித்தும் பிள்ளை வரவில்லை. எட்டுக் குழாயும் ஒன்றாகக் கூப்பிட்டால் பிள்ளை எந்தப் பக்கம் ஓடும்?

"ஒவ்வொண்ணா கூப்புட்டுக் கேக்குறேன் பாய்."

"யாரு கொரலுல?"

"அவங்க கொரலுல." காலையில் வளையல்காரியிடம் அந்த அம்மா பேரம் பேசியதைக் கேட்டு, நான் ஏற்கெனவே பாய்க்குத் தெரியாமல் நடித்துப் பார்த்திருந்தேன். பாய் ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டினார்.

ஏழு குழாயை அணைத்துவிட்டு ஆற்றோரக் குழாயில் மட்டும், "செல்வி, அம்மாடி. நின்ன எடத்துலயே இரு. அம்மான்னு கூப்புடு" என்றேன். ஒயரை மாற்றிக் கேட்டேன். துணி துவைக்கும் சத்தம். அடுத்த குழாயில் கரும்பு பிழியும் சத்தம். அதற்கடுத்ததில் யாரோ ராட்டினத்துக்குச் சண்டை போட்டார்கள். அந்த அம்மா மேசை விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை. பீங்கான் பொம்மைக் கடைக் கம்பத்துக்கு வந்தபோது, குழாய்க்கு நேர் கீழே ஒரு மெல்லிய குரல், "அம்மா" என்றது. "பொம்மக் கட" என்று நான் சொன்னதும் பாய் சைக்கிளில் பறந்தார். நான் ஹெட்போனைக் கழற்றி அந்த அம்மா காதில் வைத்தேன். உள்ளே செல்வி, அழாமல், கோபமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ ஏம்மா குழாய்க்குள்ள போய் உக்காந்துக்கிட்ட?"

ஊரே கேட்கச் சத்தம் போடுவதற்குக் கூலி வாங்கும் தொழிலில், பாயிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு எட்டில் ஏழு குழாயை அணைத்ததற்குத்தான்.