வீட்டுக்காரரின் சேவல்

எழுபதுகளில் அடையாற்றில் எனக்கு வாய்த்த வீட்டுக்காரருக்கு முறுக்கிய மீசை, கட்டைக் குரல். குழாய் ஒழுகுகிறது என்று சொன்னாலே குடித்தனக்காரர்களைக் குதறிவிடுவார். அப்பேர்ப்பட்டவர், காலையில் கொல்லைக் கோழிகளுக்குத் தீனி வைக்கப் போகும்போது மட்டும் முறத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போவார். அப்படியும் சேவல் பாய்ந்து வந்து கெண்டைக்காலில் கொத்தும். வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்.

"இதை அறுத்துக் குழம்பு வெச்சிட வேண்டியதுதானே சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னா பண்றதுப்பா? நீ வூட்டைக் காலி பண்ணாதான் இத்த அறுப்பேன்னு முனீஸ்வரனுக்கு நேந்துக்கினு கீறேனே!" என்றார், ரத்தத்தைத் துடைத்தபடி.

இதை என்னிடமே சொல்கிற மனிதரை என்னவென்பது? மயிலாப்பூரில் வேறு வீடு பார்த்து வைத்திருந்தேன். அன்று சாயங்காலமே போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.